கள்ளுக்கடைப் பேயின் பங்கு

என் அப்பா எங்கள் ஊர்க் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்து இரண்டு தடவை சிறைக்குப் போனவர். அவருடைய மகளான நான், கைக்குழந்தையோடு ஒரு கள்ளுக்கடையைத் தேடிப் பயணம் போனேன். போன இடத்தில், பேய்க்கென்று வைத்திருந்த பங்கைக் கேட்டு வாங்கிக் குடித்தேன். இதை அப்பாவுக்கு எப்படி எழுதுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள் உங்களுக்கு எழுதிவிடுகிறேன்.

மலாயாவை ஜப்பான்காரர்கள் ஆண்ட இரண்டாவது வருஷம் அது. என் கணவர் சிரம்பானில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. இங்கே கிராணி என்பார்கள். தெமியாங்கில் ஒரு சீனர் கடையின் மாடியில் எங்கள் குடித்தனம். சாரதா அங்கேதான் பிறந்தாள். ஊரிலிருந்து கடிதம் வருவது அதற்கு வெகு முன்பே நின்றுபோயிருந்தது. உதவிக்கு அம்மாவும் இல்லை, மாமியாரும் இல்லை. கல்யாணமாகிக் கப்பல் ஏறும்போது அம்மா ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்த பத்தியக் குறிப்புதான் இருந்தது. பிள்ளை பெற்றவள் எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று அதில் வரிசையாக எழுதியிருந்தாள். பருப்பு வாயு. கீரை குளிர்ச்சி. பழம் சளி. வெள்ளைச் சோறும் பூண்டு மிளகுக் குழம்பும் உத்தமம்.

எத்தனை நாளைக்கு என்று மட்டும் எழுத மறந்துவிட்டாள். நாற்பது நாள் என்று எனக்கு ஒரு ஞாபகம். சரியாகத் தெரியாதபோது குறைப்பதைவிடக் கூட்டுவது நல்லதல்லவா? நாலு மாதம் இருந்தேன். நிறுத்து என்று சொல்ல ஆள் இல்லாததால் நிறுத்தவில்லை.

ரேஷனில் கொடுத்த பச்சரிசியில் சுண்ணாம்புத் தூள் கலந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடத்தில் முதல் மார்க் வாங்கியவள் நான். ஏழு தண்ணீர் விட்டுக் கழுவுவேன். வெந்ததும் கஞ்சியைச் சொட்டுகூட விடாமல் வடித்துக் கீழ்வீட்டுச் சீனத்தியின் வாத்துகளுக்கு ஊற்றுவேன். வாத்துகள் கொழுத்தன.

நாலாம் மாதத்தில் ஒரு காலையில் சாரதா அழுதாள். வாய் திறந்தது, முகம் சிவந்தது, கண்ணீர் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. நான்தான் செவிடாகிவிட்டேனோ என்று ஜன்னலைத் தட்டிப் பார்த்தேன். தட்டிய சத்தம் நன்றாகக் கேட்டது.

டவுனில் ஒரு தமிழ் டாக்டர் இருந்தார். பிள்ளையின் வீங்கிய காலை அழுத்திப் பார்த்து, நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு, நான் என்ன சாப்பிடுகிறேன் என்று என்னைக் கேட்டார். ஒப்பித்தேன். பெருமையோடுதான் ஒப்பித்தேன்.

"பிள்ளைக்கு வியாதி இல்லைம்மா. உங்க பால்ல சத்து இல்லை" என்றார். "தீட்டின பச்சரிசியே கதின்னு இருக்கிறவங்களுக்கு வர்றது இது. நம்ம ஆட்கள் புழுங்கலரிசி சாப்பிட்ட வரைக்கும் நம்ம பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இப்போ புழுங்கலுக்கு எங்கே போறது?"

ஊசி மருந்து இருந்தால் ஒரே நாளில் மாற்றிவிடலாமாம். அது நாட்டிலேயே இல்லை. தவிடு, பயறு, கீரை எல்லாம் உடனே ஆரம்பிக்க வேண்டும். இவற்றையெல்லாம்விடச் சீக்கிரம் வேலை செய்வது கள்ளுப் பானையின் அடியில் தங்கும் மண்டி என்றார். "பிள்ளைக்கு இல்லை, உங்களுக்கு. மேலே இருக்கிற தெளிவு வேண்டாம், அடி மண்டிதான் வேணும். இன்னும் ரெண்டு வாரம் இப்படியே போனால் பிள்ளையோட இருதயம் தாங்காது."

டவுன் கள்ளுக்கடையில் சிப்பாய்கள் கூட்டம். கள்ளிலும் பாதி தண்ணீர். என் கணவருக்கு அக்கா முறை ஒருவர், பொன்னம்மா என்று பெயர், லிங்கிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆயாவாக இருந்தார். பால் வெட்டப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகல் முழுக்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்தத் தோட்டத்திலேயே தென்னை உண்டு, கள்ளுக்கடையும் உண்டு. என் கணவரால் வர முடியவில்லை. லீவு கேட்ட ஆளைச் சயாமில் ரயில் பாதை போட அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அப்போது எல்லோருக்கும் இருந்தது. மறுநாள் நானும் சாரதாவும் கிளம்பினோம்.

பெட்ரோல் கிடைக்காததால் பஸ் கரியில் ஓடியது. பஸ்ஸின் பின்பக்கம் ஒரு பெரிய தகர உருளை, அதில் அடுப்பு. கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதைவிட அதிக நேரம் அடுப்பைக் குத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மேட்டிலும் பஸ் மூச்சு வாங்கி நின்றுவிடும். எல்லோரும் இறங்கித் தள்ளுவார்கள். நானும் இறங்கட்டுமா, இறங்காவிட்டால் தப்பாக நினைப்பார்களா என்று நான் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். கடைசியில் ஒரு மலாய்ப் பெரியவர், "நீ இறங்கினாலும் இறங்காவிட்டாலும் பஸ்ஸுக்கு ஒரு கோழியின் எடைதான் வித்தியாசம், உட்காரு மகளே" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். கல்யாணமாகி வந்த பிறகு தனியாக நான் போன முதல் பயணம் இது. அவ்வளவு கவலையிலும் ஜன்னலோரம் உட்கார்ந்து மரமும் மேடும் ஓடுவதைப் பார்க்க எனக்கு உற்சாகமாக இருந்தது. இப்படி இருக்கலாமா என்று அதற்கும் கொஞ்சம் கவலைப்பட்டேன்.

பஸ் விட்ட இடத்திலிருந்து தோட்டத்துக்கு மாட்டு வண்டி. வண்டிக்காரர் முனுசாமி தோட்டத்துச் சாமான் ஏற்ற வந்தவர். நம் ஊரில் மரங்கள் அவை அவை இஷ்டத்துக்கு நிற்கும். இங்கே ரப்பர் மரங்கள் டிரில் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி வரிசை பிடித்து நிற்கின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் நேர்கோடு. நடுவில் ஒரு செம்மண் பாதை. அதைச் சடக்கு என்றார் முனுசாமி.

"கள்ளுக்கடை எங்கே இருக்கு?" என்று கேட்டேன்.

முனுசாமி மாட்டையே நிறுத்திவிட்டார். "எதுக்குக் கேக்குறீங்க? கிராணி ஐயா வர்றாரா?"

"இல்லை, எனக்குத்தான்."

அவர் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். சாரதா அப்போது சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். முனுசாமி துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். "இதுக்கும் புடிச்சிருச்சா" என்றார். "கிராணியம்மா, நான் சொல்றதக் கேளுங்க. இந்தப் பிள்ளயத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போவாதீங்க லா. கொரலப் புடிக்கிறதே அங்க இருக்கிறதுதான்."

பிறகு தோட்டம் போய்ச் சேரும்வரை பேய்க் கதைதான். கடையைக் கட்டிய வெள்ளைக்காரத் துரையின் பேய் முதலில். நாலு மணிக்குத் திறந்து ஆறு மணிக்கு மூட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டமாம். செத்த பிறகும் ஆறு மணிக்குப் பூட்ஸ் சத்தம் கேட்கும். "ஜப்பான்காரன் வந்ததுலேருந்து அது கேக்கல. உசுரோட இருந்த தொரைங்களோட அதுவும் சிங்கப்பூருக்கு ஓடிருச்சு போல" என்றார் முனுசாமி. பேய் ஓடியதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது.

ஆனால் அடுத்த பேய்க்கு அவர் சிரிக்கவில்லை. தோட்டம் தொடங்கியதிலிருந்து கள் இறக்கும்போது மரத்திலிருந்து விழுந்து செத்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் கடையை விட்டுப் போகவில்லையாம். அதனால் தினமும் பானை காலியானதும் அடியில் தங்கும் மண்டியைக் கடைக்குப் பின்னால் உள்ள தென்னையின் அடியில் ஊற்றிவிடுவார்கள். அது அவர்கள் பங்கு. வேறு யாரும் தொடக்கூடாது. தொட்டால் அடுத்து ஏறுகிறவன் விழுவான். ஒரு ஜப்பான் சிப்பாய் வேண்டாம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டும் கேட்காமல் பானையோடு தூக்கிக் குடித்தானாம். அந்த வாரமே அவன் லாரி லிங்கி ஆற்றில் இறங்கிவிட்டது.

"கடேசியா விழுந்தவன் கோவிந்தன். ஜப்பான்காரன் வந்த வருஷம். அவனுக்குப் பிள்ள குட்டி கெடயாது. அதான் பச்சப் பிள்ளையா பாத்துக் கொரலப் புடிக்கிறான். இந்த வருஷம் மூணு பிள்ள போச்சு. மூணுக்கும் மொதல்ல கொரல்தான் போச்சு."

சாரதாவை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். பேயினால் அல்ல. பேய் இல்லை என்று படித்தவள் நான். மூன்று பிள்ளைகள் என்று அவர் சொன்னதில்தான். எனக்கு வேண்டிய மருந்தை இங்கே தினமும் மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் போகப் போக இன்னும் கூடுதலாக ஊற்றினார்கள்.

பொன்னம்மா அக்கா என்னைப் பார்த்ததும் சாரதாவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அன்று மாலையே பத்தியம் முடிந்தது. மரவள்ளிக்கிழங்குப் புட்டு, அவித்த பச்சைப் பயறு, சர்க்கரைவள்ளிக் கீரைக் கடைசல். நோட்டில் உள்ள எல்லா வரியையும் ஒரே வேளையில் மீறினேன். ருசி தாங்கவில்லை. இத்தனையும் சாப்பிட்டுப் பிள்ளைக்குச் சளி பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "சளி புடிச்சா இருமும். அந்தச் சத்தமாச்சும் கேக்கட்டும்" என்றார் அக்கா.

மறுநாள் பகலில் அவருடைய ஆயாக் கொட்டகையில் இருந்தேன். வரிசையாகச் சேலைத் தூளிகள். பதினோரு பிள்ளைகள். நடமாடுகிற பெரிய பிள்ளைகளின் கூச்சல் காதைப் பிளந்தது. ஆனால் கைக்குழந்தைகள் இரண்டு சத்தமில்லாமல் கிடந்தன. சாரதாவோடு மூன்று. பால் வெட்டு முடிந்து வந்த அம்மாக்களைக் கேட்டேன். அவர்களும் அதே ரேஷன் அரிசிதான், அதே பத்தியம்தான். டாக்டர் சொன்னதை அவர்களிடம் சொன்னேன். "மண்டியா? கோவிந்தன் பங்கையா?" என்று ஒருத்தி தன் பிள்ளையை என்னிடமிருந்து தள்ளித் தூக்கிக்கொண்டாள்.

நாலு மணிக்குக் கடை திறந்தது. நான் ஏதோ இருட்டுக் குகை என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊர்க் கடை ஓலைக் கொட்டகை. இது தகரக் கூரையும் சிமெண்டுத் தரையுமாக ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கம்பி வலை. வலையில் ஓர் ஓட்டை, அதன் வழியாகத்தான் மங்கு என்கிற கள்ளுக் கிண்ணம் போகும், வரும். கூட்டம் உள்ளே பாயாமல் இருக்கத் துரை போட்ட வலை. பக்கவாட்டில் பெண்களுக்குத் தனி ஜன்னல். பெண்களுக்கென்று ஜன்னலே வைத்திருக்கிறார்கள் என்பதை என்னால் நம்பமுடியவில்லை. வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள் அங்கே நின்று, நான் கோப்பி குடிப்பதுபோலச் சாவதானமாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்களின் பெஞ்சுகளில் பாதி காலி. அதில் உட்கார்ந்தவர்கள் சயாமுக்குப் போய்விட்டார்கள்.

வலைக்குப் பின்னால் நின்று ஊற்றியவள் அஞ்சலை. கோவிந்தனின் மனைவி. நாற்பது வயதிருக்கும். கை நிற்காமல் ஊற்றும், வாய் நிற்காமல் பேசும்.

"அஞ்சல, நேத்து எம் மங்குல பாதி நொரதான் இருந்துச்சு" என்றார் பெஞ்சில் ஒருவர்.

"நொர இல்லாம வேணும்னா மரத்துல ஏறிப் பாளையில வாய வையி. மாமா மாமான்னு கூப்புட்டா கோவிந்தன் கை குடுத்துத் தூக்கிவிடுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதனால் தைரியம் வந்து ஜன்னலருகே போய் விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் சொன்னது, அரிசி, கஞ்சி, பத்தியம், எல்லாம். சொல்லச் சொல்லக் கடையில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அஞ்சலை சாரதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுக்கக் கூடாது" என்று எழுந்தார் முனுசாமி. "இவங்க வாங்கிக்கிட்டு டவுனுக்குப் போயிருவாங்க. விழறது இங்க உள்ளவன்."

"ஓம் பங்கா போவுது? உக்காருய்யா." அஞ்சலை என் பக்கம் திரும்பினாள். "நான் குடுத்துருவேன் கிராணியம்மா. அவரு எம் புருஷன், எங்கிட்ட மொறச்சா நானும் மொறப்பேன். ஆனா ஏர்றது நான் இல்ல. ஏர்றவன்தான் சொல்லணும்."

ஏறுகிறவன் அவள் தம்பி மாரிமுத்து. கோவிந்தன் விழுந்த பிறகு அவர் இடுப்புக் கயிற்றையே எடுத்துக் கட்டிக்கொண்டவன். மூலையில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவன் மனைவி பெண்கள் ஜன்னலருகே நின்றவர்களில் ஒருத்தி. அவள் குடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

மாரிமுத்து கத்தியைக் கீழே வைத்தான். பிறகு என்னிடம் கேட்டான். "பேய் இல்லன்னு நீங்க நெனக்கிறீங்களா?"

"அப்படித்தான் படிச்சிருக்கேன்."

"நான் படிக்கல. அம்பது அடிக்கு மேல போனா எல்லாம் இருக்குற மாதிரிதான் தெரியும்" என்றான். "நாளைக்குக் காலையில அந்த மரத்துலதான் மொதல்ல ஏறுவேன். மாமா விழுந்த மரம். நான் மேல இருக்கச்சே நீங்க அடியில நின்னு குடிங்க. அவருக்குக் கோவம்னா அப்பவே காட்டிரட்டும். தெனமும் பயந்துக்கிட்டு என்னால ஏற முடியாது."

அன்று எனக்குத் தூக்கமில்லை. பேய் இல்லை, சரி. ஆனால் பயம் உண்டே. பயந்த கால் வழுக்காதா? என் பிள்ளைக்காக இன்னொருத்தி புருஷனை மரத்தில் ஏற்றிவிட்டு அடியில் நின்று குடிக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது? வேண்டாம் என்று சொல்லிவிடலாம், தவிடும் பயறும் போதும் என்று தீர்மானித்தேன். உடனே டாக்டர் சொன்ன இரண்டு வாரக் கணக்கு வந்து நின்றது. மறுபடி வேண்டும் என்று தீர்மானித்தேன். பொழுது விடியும்வரை இப்படியே.

விடிந்ததும் பொன்னம்மா அக்காவோடு ஓடினேன். வேண்டாம் என்று சொல்லத்தான் ஓடினேன் என்று நினைக்கிறேன். ஆனால் நாங்கள் போகும்போது மாரிமுத்து பாதி மரம் ஏறிவிட்டிருந்தான். முந்தின நாள் பெய்த மழையில் மரம் கறுத்து ஈரமாக இருந்தது. வேலைக்கு முன் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகவேண்டியவர்கள் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள். மாரிமுத்துவின் மனைவி மட்டும் மரத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"தம்பி, இறங்கிடுங்க" என்று கத்தினேன்.

"எறங்குறது ஏர்றதவிடக் கஷ்டம்" என்று மேலிருந்து குரல் வந்தது. "நீங்க குடிங்க. சீக்கிரம்."

அஞ்சலை ஒரு மங்கில் மண்டியைக் கொண்டுவந்தாள். கொடுப்பதற்கு முன் மரத்தைப் பார்த்துப் பேசினாள். சாமியிடம் பேசுவதுபோல அல்ல, சோற்றுக்கு நேரமாகிவிட்டதென்று புருஷனைத் திட்டுவது போல.

"இந்தா, கேக்குதா? இது ஓம் பங்குதான். ஒண்ணும் இல்லாம கெடக்குற பிள்ளைக்குக் குடுக்கிறேன். நீ உசுரோட இருக்கச்சே யாருக்கு இல்லேன்னு சொன்ன? எனக்குத் தவிர. இப்ப மட்டும் என்னா கணக்கு? எந்தம்பி மேல இருக்கான். ஒழுங்கா எறக்கி விடு. இல்லாட்டி நாள மக்யா நாள் இந்த மரத்த வெட்டி அடுப்புல வச்சிருவேன்."

மங்கு என் கைக்கு வந்தது. வெள்ளையாக, கெட்டியாக, புளித்த தோசை மாவுபோல இருந்தது. முகத்தருகே கொண்டு போனதும் அப்பாவின் கதர்ச் சட்டை கண்ணில் தெரிந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் அப்பா என்று சொல்லவில்லை. சொல்ல நேரம் இல்லை. மேலே ஒருவன் ஈர மரத்தில் ஒரு கயிற்றை நம்பித் தொங்கிக்கொண்டிருந்தான். ஒரே மூச்சில் குடித்தேன். புளிப்பு, ரொட்டி வாசனை, நாக்கில் நறநறவென்று மாவு. பாதியில் குமட்டியது, விழுங்கினேன்.

அப்போது மேலிருந்து ஏதோ வந்து தொப்பென்று என் காலருகே விழுந்தது.

பெண்கள் வீறிட்டார்கள். முனுசாமி கண்ணை மூடிக்கொண்டார். மாரிமுத்துவின் மனைவி திரும்பாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் குனிந்து பார்த்தேன். ஒரு குரும்பை. அடியில் ஓட்டை.

"எலி கடிச்சது" என்று மேலே இருந்து மாரிமுத்து சொன்னான். பாளை சீவும் சத்தம் கேட்டது. சரக், சரக். ஒவ்வொரு சரக்கும் எனக்கு ஒரு வருஷம். கலயத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு அவன் இறங்கி வந்து மண்ணில் கால் வைத்தபோது அவன் மனைவி அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அவன் வாங்கிக்கொண்டு சிரித்தான்.

"அது கோவிந்தன் போட்ட குரும்பதான்" என்றார் முனுசாமி.

"மாமா போட்டிருந்தா குறி தப்பாது" என்றான் மாரிமுத்து. "ஓங்க மண்டயிலதான் விழுந்திருக்கும்."

மறுநாள் அவன் மறுபடி ஏறினான். நான் மறுபடி குடித்தேன். மூன்றாம் நாள் பெண்கள் ஜன்னலில் எனக்கு முன்னால் ஒருத்தி நின்றாள். ஆயாக் கொட்டகையில் பிள்ளையை என்னிடமிருந்து தள்ளித் தூக்கிக்கொண்டவள். நாலாம் நாள் ஐந்து பேர். மண்டி அத்தனை பேருக்கு எப்படிப் போதும் என்று நான் கவலைப்பட ஆரம்பித்தேன். நான் ஆரம்பித்து வைத்ததில் என் பிள்ளைக்கே இல்லாமல் போய்விடுமோ என்று ஒரு கெட்ட நினைப்பும் வந்தது. அஞ்சலை யாரையும் கேட்கவில்லை. ஒரு சிரட்டை அகப்பையை எடுத்தாள். பால் கொடுக்கிற ஒவ்வொருத்திக்கும் ஓர் அகப்பை, குரல் போன பிள்ளையின் அம்மாவுக்கு இரண்டு.

"அப்ப கோவிந்தனுக்கு?" என்று பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார்.

"அவருக்குத் தெளிவு ஊத்துறேன். ஒரு மங்கு நெறய. உசுரோட இருக்கச்சே அதத்தான கேட்டுக்கிட்டு இருந்தாரு."

பெஞ்சில் முணுமுணுப்பு எழுந்தது. தெளிவு என்றால் அவர்கள் பங்கிலிருந்து போகிறது. ஆனால் பேயோடு தகராறு செய்ய யாரும் தயாராக இல்லை.

ஆறு நாள் சாரதாவிடம் ஒரு மாற்றமும் இல்லை. பால் மட்டும் கொஞ்சம் வேகமாகக் குடிப்பதுபோலத் தோன்றியது. எனக்குத் தோன்றுகிறதா, உண்மையா என்று ஒரு நாளைக்கு இருபது தடவை பொன்னம்மா அக்காவைக் கேட்டேன். ஏழாம் நாள் கால் வீக்கம் வடிந்தது. எட்டாம் நாள் அழும்போது தொண்டையில் ஏதோ கரகரத்தது, எண்ணெய் போடாத கதவு மாதிரி. அக்கா பதினோரு பிள்ளைகளையும் வாயை மூடச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார். அவை மூடவில்லை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம். ஜன்னலில் அகப்பைக்கு நின்றுகொண்டிருந்தேன். தோளில் கிடந்த சாரதா விழித்து, பசித்து, வாயைத் திறந்தாள். தகரக் கூரை அதிர்ந்தது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் எனக்கு அப்படித்தான் கேட்டது. என்னைப் பார்க்காத பெஞ்சுக்காரர்களில் இருவர், பக்கவாட்டிலிருந்து திடீரென்று குரல் கிளம்பவும் மங்கைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார்கள். ஒருவர் சடக்கு வரைக்கும் ஓடிவிட்டார். அஞ்சலை வலையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது, நீர் நிற்கவில்லை. என்னைப் பார்க்காமல், அடுத்த பெண்ணுக்கு அளந்து ஊற்றினாள்.

மற்ற இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு அதற்கு அடுத்த வாரம் குரல் வந்ததாகப் பிறகு தெரிந்துகொண்டேன். மற்றது பிழைக்கவில்லை. அதன் அம்மாவும் தினமும் வந்து அந்த வரிசையில் நின்றவள்தான்.

பத்தாம் நாள் பஸ்ஸில் திரும்பினேன். மடியில் ஒரு மூட்டைத் தவிடு. சாரதா ஏறும்போது தொடங்கிய அழுகையை நிறுத்தவில்லை. எனக்கு எதிரில் ஒரு சீனத்தி பெரிய தலையணையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கடற்கரைப் பட்டணத்து மரைக்காயர் ஒருவர், காலடியில் தேங்காய் மூட்டை. தலையணைக்குள்ளும் தேங்காய்க்கு அடியிலும் இருந்தது அரிசி என்று பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். அனுமதியில்லாமல் அரிசி கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

பாதி வழியில் ஜப்பான் காவல். பஸ் நின்றது. எல்லோரும் தலை குனிந்தோம்.

"பிள்ளைய அமர்த்துங்க தங்கச்சி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் மரைக்காயர். "சும்மா போறவனையும் கூப்பிட்டுருவீங்க போலயே."

தட்டினேன், ஆட்டினேன், காதில் பாடினேன். சாரதா இன்னும் பெரிதாக எடுத்தாள். சிப்பாய் ஏறி வந்தான். சின்னப் பையன் மாதிரி முகம். துப்பாக்கிக் கத்தியால் தேங்காய் மூட்டையைத் தொட்டான். சாரதா அவன் முகத்துக்கு நேரே வீறிட்டாள். அவன் ஏதோ சொன்னான், அவள் அதைவிட உரக்கச் சொன்னாள். ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, போ போ என்று மறு கையால் டிரைவருக்குக் காட்டிவிட்டு இறங்கிவிட்டான்.

பஸ் ஒரு வளைவைத் தாண்டும்வரை யாரும் மூச்சு விடவில்லை. பிறகு சீனத்தி தலையணைக்குப் பின்னாலிருந்து கை நீட்டிச் சாரதாவின் பாதத்தைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். நான் பால் கொடுக்கப் புடவையை இழுத்து மூடி உட்கார்ந்தேன். மரைக்காயர் பதறிவிட்டார்.

"குடுக்காதீங்க, குடுக்காதீங்க. முன்னால இன்னொரு காவல் இருக்கு தங்கச்சி. அது தாண்டுற வரைக்கும் பிள்ளை அழுதா நல்லது."

பஸ்ஸில் பத்துப் பேர் அதையே சொன்னார்கள். தமிழில், மலாயில், சீனத்தில். ஒருவர் சொன்னாலே கேட்டுவிடுகிறவள் நான். ஆனால் கொடுத்தேன். சாரதா இழுத்து இழுத்துக் குடித்தாள்.

"கவலைப்படாதீங்க அண்ணே" என்றேன். "அந்தக் காவல் வர்றதுக்குள்ள மறுபடி அழுவா."

எனக்கு அதில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.